மேலதிக வாய்

முதிரைவெளிக்கு நீல அடுப்பு வந்தபோது ஊரார் அதற்கு மாலை போட்டு வரவேற்றார்கள். அடுப்புக்கு மாலையா என்று யாரும் சிரிக்க வேண்டியதில்லை. போர் முடிந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னும் அந்த ஊருக்கு ஒழுங்காக வந்து சேர்ந்த முதல் உதவி அதுதான். அதற்கு முன்னர் வந்தவை எல்லாம் பெயர்ப்பலகைகள். கிணறு கட்டித் தரப்போகும் நாட்டின் கொடி பொறித்த பலகை முதலில் வரும். பிறகு கிணறு வராது.

அடுப்பு அப்படி ஏமாற்றவில்லை. கூரையில் சூரியத் தகடு, அடுப்படியில் நீலநிறப் பெட்டி. புகையில்லை, விறகு பொறுக்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை, இருமல் இல்லை. அடுப்பின் அடியில் ஒரு நிறுவையும் உள்ளே சின்னதாய் ஒரு மூளையும் இருந்தன. பானையில் எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் கொதித்தது என்று பார்த்து, அந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று அது தானாகவே கணித்துக்கொள்ளும். எத்தனை பேரைப் புகையிலிருந்து காப்பாற்றினோம் என்று பணம் தந்த நாட்டுக்குக் காட்ட வேண்டுமல்லவா, அதற்காகத்தான் என்றார்கள். பிரியந்தினியும் அதை நம்பினாள்.

பிரியந்தினி அந்தத் திட்டத்தின் கள இணைப்பாளர். அடுப்புக்கு ஊர் வழக்கம் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. ஆரம்பத்தில் அது சுத்த முட்டாளாக இருந்தது. கந்தசஷ்டி விரதம் வந்தால் சனம் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டது என்று செய்தி அனுப்பும். செத்த வீட்டில் எட்டுச் செலவுப் படையலுக்குப் பெரிய பானை ஏறினால் அங்கே ஒரு பட்டாளம் குடியேறிவிட்டதாகப் பதறும். தைப்பொங்கலன்று முற்றத்தில் கல் வைத்துப் பொங்கியபோது ஊரே பட்டினி என்று தலைமையகத்துக்கு அவசரத் தகவல் போய், வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வந்தது. அவள் சிரித்துச் சிரித்து ஒவ்வொன்றாய்த் திருத்தினாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, திவசம், ஆடி அமாவாசை, பிள்ளைப்பேறு, பெண் பெரியவளாகும் சாமத்திய வீடு என்று எல்லாவற்றையும் அதற்குப் படிப்பித்தாள். இப்போது அது எங்கள் சனத்தை எங்களை விட நன்றாக அறியும் என்று அவள் ஒரு கூட்டத்தில் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு. அந்தப் பேச்சுக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

மழைக்காலத்தில் அணைக்கட்டுக் காவலரணை யாரோ தாக்கினார்கள். காட்டுக்குள் ஆயுதத்தோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தலைநகரம் நம்பத் தொடங்கியது. அதன் பிறகுதான் இணைப்பதிகாரி திட்ட அலுவலகத்துக்கு வந்தார்.

அவர் அமைதிப் பணியகத்தைச் சேர்ந்தவர். அமைதி என்று பெயர் வைத்த எந்த அலுவலகத்தைக் கண்டாலும் நம் சனம் கதவைச் சாத்திக்கொள்வது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் மனிதர் அதட்டவில்லை. பயிற்சிக் கல்லூரியில் கற்ற தமிழில், ஒரு சொல் பிசகாமல் பேசினார்.

"வணக்கம். தாங்கள் நலமா? ஒரு சிறு விடயம். முதிரைவெளியில், காட்டோரம் உள்ள கடைசி வீடு. பதிவின்படி அங்கே ஒருவர்தான் வசிக்கின்றார். ஆனால் நாள்தோறும் இருவர் உண்கின்றனர். மேலதிகமாக ஒரு வாய்."

பிரியந்தினிக்கு வீடு உடனே பிடிபட்டது. பவளராணியின் வீடு. அடுப்புக்கு மாலை கட்டியவளே அவள்தான்.

"அவ கொஞ்சம் கூடச் சாப்பிடுறவவா இருக்கலாம், சேர்," என்றாள்.

"அறுபது வயதான, மெலிந்த பெண்மணி."

"நாய் பூனை வளர்க்கிறாவோ தெரியாது."

"வளர்க்கவில்லை. பார்த்துவிட்டோம்." அவர் புன்னகைத்தார். "நாங்கள் கதவை உடைக்க விரும்பவில்லை. காலம் மாறிவிட்டது. தாங்கள் அந்த ஊருக்கு வேண்டியவர். முதலில் தாங்கள் சென்று பேசிப் பாருங்கள்."

அவர் போனதும் அவள் லோரன்ஸின் அறைக்குள் புகுந்தாள். லோரன்ஸ் திட்ட இயக்குநர், வெளிநாட்டுக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாத மனிதர். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பின் தகவல் அவர்களுக்கு எப்படிப் போனது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அந்த நிபந்தனையோடுதான் அனுமதி தந்தார்கள். எங்கள் அரசும் ஒத்துக்கொண்டது. அடுப்புக்கும் அவர்களுடைய பயிற்சிக்கும் பணம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது, பிரியா."

"எனக்குச் சொல்லவில்லையே."

"சொல்லியிருந்தால் நீ இவ்வளவு நன்றாக வேலை செய்திருப்பாயா?" லோரன்ஸ் பெருமூச்சு விட்டார். "இது புதிய யோசனை இல்லை. அந்தக் காலத்தில் மலாயாவில் பிரிட்டிஷ்காரர்கள் சில ஊர்களில் அரிசியைக் கையில் கொடுக்காமல் சோறாக்கிக் கொடுத்தார்கள். காட்டுக்குள் கடத்தினால் புளித்துப்போகும். கிளர்ச்சிக்காரர்கள் பசி தாங்காமல் வெளியே வந்தார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அதை வெற்றி என்றுதான் எழுதியிருக்கிறது. இப்போது சோறாக்கிக் கொடுக்கக்கூடத் தேவையில்லை. எண்ணினால் போதும்."

தான் சிரித்துச் சிரித்துப் படிப்பித்த வித்தை எல்லாம் யாருக்குப் போயிற்று என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

மறுநாள் மத்தியானம் அவள் முதிரைவெளிக்குப் போனாள். பவளராணி அடுப்படியில் இருந்தாள். தரையில் பலகை போட்டு, அதன் முன்னால் ஒரு தட்டு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஓரத்தில் பொரித்த மிளகாய். பக்கத்தில் செம்பில் தண்ணீர். பலகையில் யாரும் இல்லை.

"வா பிள்ளை, வா. சாப்பிட்டியோ?" என்றபடி பவளராணி தட்டை மூடப் பார்த்தாள்.

"ஆருக்கு அக்கா இது?"

பவளராணி மூடியைக் கீழே வைத்தாள். பிறகு, "அவருக்குத்தான்," என்றாள்.

வீட்டுக்குள் உண்மையிலேயே ஆள் இருக்கிறதோ என்று பிரியந்தினி அறைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே கட்டிலில் மடித்து வைத்த, அவர் உடுத்திய சாரம் ஒன்றுதான் கிடந்தது.

"அண்டைக்கு அவர் மத்தியானம் சாப்பிட இருந்தவர்," என்றாள் பவளராணி. "நான் சோறு போட்டிட்டன். வாசலில சீருடையோட வந்து நிண்டு, ரெண்டு கதை கேட்டிட்டு விடுறம் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவங்கள். அவர் திரும்பிப் பாத்து, மூடி வை, வாறன் எண்டு சொன்னவர். நான் மூடி வைச்சிருக்கிறன். அவ்வளவுதான்."

"பிறகு இதை என்ன செய்யிறனீங்கள்? காகத்துக்கு வைக்கிறதோ?"

பவளராணியின் முகம் கறுத்தது. "காகத்துக்கு ஏன்? செத்தவைக்குத்தான் படைக்கிறது. அவருக்கு நான் பரிமாறுறன். பின்னேரம் தண்ணி ஊத்தி வைச்சு விடிய நான் குடிப்பன். அவர் மிச்சம் வைச்சா நான்தானே சாப்பிடுறனான்."

"அயலுக்குத் தெரியுமோ?"

"சீ! தெரிஞ்சா விசரி, பைத்தியம் எண்டெல்லோ சொல்லுவினம். நீயும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பிள்ளை."

பிரியந்தினி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய அம்மாவும் இதையே செய்தாள். அண்ணாவைக் கொண்டுபோன பிறகு, ஒவ்வொரு மத்தியானமும் அவனுக்கென்று ஒரு தட்டு. பள்ளிக்கூடத் தோழிகள் வீட்டுக்கு வந்தால் பிரியந்தினி ஓடிப்போய் அதை எடுத்து ஒளித்து வைப்பாள். அம்மாவுக்குத் தலைக்குச் சுகமில்லை என்று நினைத்து வெட்கப்பட்டாள். அம்மா செத்தபோது முதல் வேலையாக அந்தத் தட்டைக் கழுவி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். ஊரின் அத்தனை வழக்கத்தையும் அடுப்புக்குச் சொல்லிக்கொடுத்தவள் இதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அதுதான். இதை அவள் ஒரு வழக்கம் என்று நினைத்ததே இல்லை. தன் அம்மாவின் பைத்தியம் என்றே நினைத்திருந்தாள்.

"அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கொஞ்ச நாளைக்கு இதை நிப்பாட்டுங்கோ. இந்த வீட்டில ஆரோ ஒளிச்சிருந்து சாப்பிடுகினம் எண்டு நினைக்கினம்."

"ஆர் நினைக்கிறது? ஆர் வந்து பாத்தது?"

பிரியந்தினி அடுப்பைக் காட்டினாள். "அது நிறுக்குது, அக்கா. எத்தினை பேருக்குச் சமைக்கிறியள் எண்டு அவைக்குச் சொல்லுது."

பவளராணி அடுப்பைப் பார்த்தாள். விருந்துக்கு வந்தவன் மடியில் கரண்டியை ஒளித்ததைக் கண்டவள் போல வெகுநேரம் பார்த்தாள். "மாலை எல்லாம் போட்டம்," என்றாள்.

"எனக்கும் தெரியாது, அக்கா. சத்தியமாத் தெரியாது."

"அப்ப பழைய அடுப்பில விறகு வைச்சுச் சமைக்கிறன்."

"நீல அடுப்பு அணைஞ்சு கிடந்தாலும் ஏன் எண்டு கேப்பினம். ஒருத்தருக்கு மட்டும் சமையுங்கோ. பிரச்சினை முடியட்டும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"ஒரு நாள் வைக்காட்டி, அண்டைக்கு அவரை நானே சாக்காட்டினது மாதிரி இருக்கும், பிள்ளை. உனக்கு இது விளங்காது."

பிரியந்தினிக்கு விளங்கியது. அவள் அழுதாள். அவள் அழுததைக் கண்டுதான் பவளராணி இளகினாள்.

"சரி, அழாதை. ஒருத்தருக்குத்தான் போடுறன். என்ர பங்கில பாதியை அவருக்கு வைக்கிறன். அதை உந்தச் சனியன் நிறுக்காதுதானே?"

"நிறுக்காது, அக்கா."

திரும்பி வரும்போது அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. ஒரு ஆபத்தைத் தடுத்துவிட்டோம் என்றே எண்ணினாள்.

அந்த வாரம் முடிவதற்குள் இணைப்பதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை ஒரு பெட்டி இனிப்போடு வந்தார்.

"தங்களுக்கு எங்கள் பணியகத்தின் நன்றி," என்றார். "தாங்கள் சென்ற மறுநாளே அந்த வீட்டில் மேலதிக வாய் மறைந்துவிட்டது. அடுப்பு வந்த நாள் முதல் இருவர் உண்ட வீட்டில் திடீரென ஒருவர். ஆகவே ஆள் இருந்திருக்கிறார், எச்சரிக்கை கிடைத்ததும் வெளியேறியிருக்கிறார். அதுவரை எங்களிடம் இருந்தது வெறும் ஐயம். இப்போது சான்று கிடைத்துவிட்டது. அந்தப் பெண்மணியை இன்று காலை அழைத்து வந்துவிட்டோம்."

எல்லாம் படிப்பித்தவளுக்கு இந்தச் சின்ன விடயம் மூளைக்கு எட்டவில்லை. கூடுவதை எண்ணத் தெரிந்த பெட்டிக்குக் குறைவதை எண்ணத் தெரியாதா? அவளாகப் போய், அவளாக அழுது, அவளாகச் சான்று உண்டாக்கிக் கொடுத்திருந்தாள்.

"அங்க ஒருத்தரும் இல்லை, சேர்! அது அவவின்ர மனுசனுக்கு வைக்கிற சோறு. நீங்கள் கொண்டு போன மனுசனுக்கு!" அவள் கத்திவிட்டாள். லோரன்ஸ் தன் அறையிலிருந்து எழுந்து வந்து கதவருகில் நின்றார்.

இணைப்பதிகாரி கோபப்படவில்லை. கைக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "நானும் அப்படித்தான் சந்தேகித்தேன். பெரிய குடும்பங்களில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் அதைக் கருவியின் பிழை என்று இதுவரை விட்டிருந்தோம். நேற்று அந்தத் தளர்வை நீக்கிப் பார்த்தோம். பாருங்கள்."

முதிரைவெளியின் படம். வீடுகள் புள்ளிகளாய்த் தெரிந்தன. அநேகமாக எல்லா வீடும் சிவப்பு. இங்கே ஒரு வாய் கூட, அங்கே ஒரு வாய் கூட, குளத்தடியில் ஒரு வீட்டில் இரண்டு வாய் கூட.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விசரி என்று சொல்லிவிடுவார்கள் என்று பவளராணி பயந்த அந்த அயல் முழுவதும் அதே மத்தியானத்தில் அதே தட்டை மூடி வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்துகொண்டு, ஒருத்தி வைப்பது மற்றவளுக்குத் தெரியாது. எல்லோருடைய வெட்கத்தையும் ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்தது இந்தப் பெட்டி மட்டும்தான். அம்மா பைத்தியமில்லை. அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது, அதை இந்த மனிதர் முன்னால் செய்யக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"தலைநகரத்தில் இதைக் கண்டால், காட்டில் ஒரு படையே உண்கிறது என்பார்கள்," என்றார் இணைப்பதிகாரி. "ஊரைச் சுற்றி வளைப்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. எளிய வழி ஒன்று உண்டு. இறந்தவர்களுக்குப் படைக்கும் உணவை எண்ண வேண்டாம் என்று தாங்களே கருவிக்குக் கற்பித்திருக்கிறீர்கள். அதையே இந்த ஊர் முழுமைக்கும் இட்டுவிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர் பெயர் ஒன்று வேண்டும். மரணச் சான்றிதழை நாங்களே வழங்குகிறோம். அந்தப் பெண்மணியும் தன் கணவர் இறந்துவிட்டார் என்று கையொப்பமிட்டால் இன்றே வீடு செல்லலாம்."

எத்தனையோ ஆண்டுகளாக ஊர்ப் பெண்கள் தெருவோரப் போராட்டக் கொட்டகையில், கொண்டுபோகப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டு, அவர்களின் படங்களை ஏந்திக்கொண்டு இருந்தார்கள். பணம் தருகிறோம், மரணச் சான்றிதழை வாங்குங்கள் என்றபோது வாங்கவில்லை. மிரட்டியபோதும் வாங்கவில்லை. அதை இப்போது ஒரு அடுப்பு வாங்க வைக்கப் போகிறது. தாக்குதல் நடத்தியவர்களைப் பிடிப்பதில் இந்த மனிதருக்கு உண்மையில் அக்கறை உண்டா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"யோசித்துப் பார், பிரியா," என்றார் லோரன்ஸ் மெல்ல. "அவர்கள் பத்திரமாக இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு முடிவு கிடைக்கும்."

"முடிவு ஆருக்கு வேணும்?" என்று அவள் தமிழில் கேட்டாள். லோரன்ஸுக்கு அது புரியவில்லை.

அன்றே பணியகத்தில் பவளராணியோடு பேச அவளை விட்டார்கள். கையெழுத்து வாங்கித் தருவாள் என்ற நம்பிக்கையில்தான் விட்டார்கள். சுத்தமான அறை, மின்விசிறி, மேசையில் தேநீர். பவளராணி தேநீரைத் தொடவில்லை. பிரியந்தினி நடந்ததை எல்லாம் சொன்னாள். ஊர்ப் படத்தில் கண்டதையும் சொன்னாள். "எங்கட அம்மாவும் வைச்சவ, அக்கா. அண்ணாவுக்கு," என்று முதன்முறையாக ஒருவரிடம் சொன்னாள்.

பவளராணியின் கண் விரிந்தது. "அப்ப குளத்தடி நாகம்மாவும் வைக்கிறாளோ?"

"ஓம், அக்கா. அவ ரெண்டு பேருக்கு வைக்கிறா."

"கள்ளி! ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!" பவளராணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "நான்தான் தனிய எண்டு நினைச்சனே."

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் நிப்பாட்டச் சொல்லாட்டி..."

"விடு. நீ அழுதாய், நான் கேட்டன்." அவள் மேசையிலிருந்த தாளை விரலால் தள்ளினாள். "உதில நான் கையெழுத்து வைக்க மாட்டன். ஊருக்கெண்டு நீயும், செத்தவை எண்டு உந்தப் பெட்டியில ஒண்டையும் அமத்திப் போடாதை. வளைக்கிறதெண்டா வந்து வளைக்கட்டும். இவ்வளவு நாளும் ஒவ்வொருத்தியாப் பயந்தம். இனி எல்லாரும் ஒண்டாப் பயப்பிடுவம்." பிறகு ஏதோ நினைவு வந்தவளாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை, மத்தியானம் ஆயிட்டுதோ?"

"ஓம், அக்கா."

"இண்டைக்கு அவருக்கு ஆர் சோறு குடுத்தது?"

பிரியந்தினி எழுந்து வெளியே வந்தாள்.

அவள் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. நேரே நகரத்தில் தான் தனியாக இருந்த வீட்டுக்குப் போனாள். திட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒவ்வொரு நீல அடுப்பு கொடுத்திருந்தார்கள். வழக்கமாக அதில் அரைச் சுண்டு அரிசிதான் ஏறும். அவள் அலுமாரியின் மேலேயிருந்து அம்மாவின் தட்டை இறக்கித் தூசி போகக் கழுவினாள். அரிசியை அள்ளிப் போட்டாள். கத்தரிக்காய் வாங்கி வந்து பால்கறி வைத்தாள். தரையில் இரண்டு பலகை போட்டு, இரண்டு தட்டில் பரிமாறி, செம்பில் தண்ணீர் வைத்து மூடினாள். எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே செய்தாள்.

அடுத்த நாள் காலை தொலைபேசி அடித்தது.

"வணக்கம்," என்றது அந்தப் பிசகாத தமிழ். "தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறோம். ஊர் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றது. இன்னொன்று, சற்று வருத்தமான விடயம். தங்கள் வீட்டில் தாங்கள் ஒருவர்தான். ஆனால் முந்தாநாள் முதல் மூவர் உண்கின்றனர். தங்களோடு தங்கியிருப்பவர்கள் யார்?"

"ஒருத்தர் எங்கட அண்ணா," என்றாள் பிரியந்தினி. "மற்றவர் நீங்கள் பிடிச்சு வைச்சிருக்கிற அக்காவின்ர மனுசன்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேரையும் ஆரம்பத்தில இருந்து நாங்களும்தான் தேடுறம். நீங்கள் ஆக்களோட வாங்கோ, சேர். வீட்டை வடிவாத் தேடுங்கோ. கண்டுபிடிச்சா எங்களுக்கும் சொல்லுங்கோ."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு அரிசி கழுவப் போனாள்.